புகைப்பவர்களை யார் இரண்டாகப் பிரித்தது?

சிகரெட் பழக்கத்தைப் பற்றிய மூளை ஆய்வுகளில் ரொம்ப காலம் ஒரே மாதிரியான சோதனைதான் நடந்துகொண்டிருந்தது. புகைப்பவர்கள் கொஞ்சம் பேர், புகைக்காதவர்கள் கொஞ்சம் பேர். இரண்டு தரப்புக்கும் சிகரெட் படம், லைட்டர் படம், யாரோ ஒருவர் புகையை இழுத்து விடும் படம் என்று காட்டுவார்கள், மூளை எவ்வளவு பதில் தருகிறது என்று அளப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு ஒரு சராசரி, இந்தப் பக்கத்துக்கு ஒரு சராசரி, நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்கு ஒரு பி-மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண். புகைப்பவரின் மூளை சிகரெட் படத்துக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது என்று முடிவு வரும்.

அந்த முடிவு பொய்யில்லை, பல இடங்களில் பலர் பார்த்ததுதான். ஆனால் நாளையிலிருந்து நிறுத்தப்போகிறேன் என்று டாக்டர் முன்னால் வந்து உட்காருகிற ஒரு மனிதருக்கு அதை வைத்து என்ன சொல்ல முடியும்? அவர் ஆறு மாதம் தாங்குவாரா, பத்தே நாளில் திரும்பப் பற்றவைத்துவிடுவாரா? இந்த விஷயத்தில் சராசரி வாயே திறக்காது.

எனக்கு இந்தக் கேள்வி வீட்டிலிருந்து வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஏறக்குறைய ஒரே வயதில் பீடியில் ஆரம்பித்து சிகரெட்டுக்கு வந்தவர்கள். அப்பா ஒரு நாள் நிறுத்தினார், அதோடு சரி. சித்தப்பா நிறுத்தாத வருடமும் கிடையாது, மறுபடி தொடாத வருடமும் கிடையாது. “மனசு வைச்சா விட்டுடலாம்” என்று வீட்டில் எல்லாரும் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் மனசு வைக்கவில்லை என்று நான் ஒரு நாளும் நம்பியதில்லை, நிறுத்திய நாட்களில் அவர் பட்ட பாட்டைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பின்னால் புள்ளியியல் படித்து, அதையே பாடமாக எடுக்கிற வேலைக்கும் வந்த பிறகு, ஒரே பழக்கம் உள்ள இரண்டு பேரின் மூளையை எண்களால் பிரித்துப் பார்க்க முடியுமா என்று கேட்கும் ஆய்வுகளை விடாமல் படிக்க ஆரம்பித்தேன்.

அதில் என்னை உட்காரவைத்தது, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து பிரான்செஸ்கோ வெர்சாச்சேயும் அவருடன் வேலை செய்தவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. சிகரெட்டை நிறுத்த வேண்டும் என்று வந்த 180 பேர். நிறுத்துவதற்கு முன்பே அவர்கள் தலையில், மூளையின் மின் அலைகளை வெளியிலிருந்தே பதியும் ஈஈஜி மின்முனைகளைப் பொருத்திப் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். சிகரெட் படங்கள் மட்டும் இல்லை. ஆண் பெண் நெருக்கம் மாதிரி இன்பமான படங்கள், பார்க்கச் சகிக்காத படங்கள், எந்த உணர்ச்சியும் தராத சாதாரணப் படங்கள், எல்லாம் கலந்து.

ஒரு படம் திரையில் வந்து சுமார் 400 மில்லி விநாடி ஆனதும் தலையின் உச்சிக்குச் சற்றுப் பின்னால் ஒரு நேர்மின் அலை எழும்பி அரை விநாடி போலத் தங்கும். ஆய்வாளர்கள் இதைச் சுருக்கமாக எல்பிபி என்பார்கள். படம் எவ்வளவு தூரம் ஆளைப் பிடித்து இழுக்கிறதோ அவ்வளவு உயரமாக அலை எழும், அது இன்பமான படமாக இருந்தாலும் சரி, கோரமான படமாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு படத்தை வைத்து அந்த அலையை நம்பிவிட முடியாது. கண் இமைத்தாலே சிக்னல் ஆடிவிடும். அதனால் ஒவ்வொரு வகையிலும் நிறையப் படங்களைக் காட்டி, வகைக்கு ஒரு சராசரி எடுப்பார்கள். கடைசியில் ஒரு மனிதருக்குக் கையில் நான்கைந்து எண்கள் நிற்கும்.

இந்த இடத்தில்தான் அவர்கள் வழக்கமான பாதையிலிருந்து விலகினார்கள். சிகரெட் எண்ணை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்காமல், ஒருவரின் எல்லா எண்களையும் சேர்த்து ஒரே வடிவமாகப் பார்த்தார்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு நானே இட்டுக்கட்டிய எண்களில் ஓர் உதாரணம். இரண்டு பேர், இருவருக்கும் சிகரெட் படத்துக்கு அலை 6 மைக்ரோவோல்ட். இன்பமான படத்துக்கு ஒருவருக்கு 9, இன்னொருவருக்கு 4. சிகரெட் எண்ணை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. இரண்டு பேரையும் சராசரியாக்கினால் இன்பத்துக்கு 6.5, சிகரெட்டுக்கு 6, பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் முதல் ஆளின் உலகத்தில் சிகரெட்டைவிடப் பெரிய ஈர்ப்புகள் இருக்கின்றன. இரண்டாவது ஆளின் உலகத்தில் மிகப் பெரிய ஈர்ப்பே சிகரெட்தான். சராசரி இந்த இரண்டு வாழ்க்கையையும் ஒன்றாக்கி அழித்துவிடுகிறது.

இப்படி 180 பேரின் எண்களையும், ஒத்தவர்களை ஒன்றாகச் சேர்த்துக் குழுவாக்கும் கிளஸ்டரிங் முறைக்குக் கொடுத்தார்கள். இந்தக் குழுவின் ஆய்வுகளில் தொடர்ந்து வருவது கே-மீன்ஸ் என்ற முறை. பழைய முறைதான். போலந்துக் கணிதர் ஹியூகோ ஸ்டைன்ஹவுஸ் 1956-இல் இதன் அடிப்படையை எழுதினார், பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாய்ட் 1957-இல் தனியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தது 1982-இல்தான் அச்சில் வந்தது, கே-மீன்ஸ் என்ற பெயரை 1967-இல் ஜேம்ஸ் மெக்வீன் வைத்தார். செய்வது ரொம்ப எளிது. எத்தனை குழு வேண்டும் என்று முதலில் நாம் சொல்ல வேண்டும். இரண்டு என்றால், எங்கேயாவது இரண்டு மையப்புள்ளிகளை வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஆளையும் எந்த மையம் கிட்டத்தில் இருக்கிறதோ அதில் சேர்க்கும். சேர்ந்தவர்களின் சராசரிக்கு மையத்தை நகர்த்தும். மறுபடி சேர்க்கும், மறுபடி நகர்த்தும். யாரும் இடம் மாறாத நிலை வந்ததும் நின்றுவிடும்.

ஒரு குழுவுக்கு இன்பமான படங்களுக்கு அலை நன்றாக எழுந்தது, இன்னொரு குழுவுக்கு மங்கிப்போயிருந்தது. பிறகு இவர்களைச் சிகிச்சை முடிந்தும் தொடர்ந்து பார்த்ததில், இன்பத்துக்கு மங்கலாகப் பதில் தந்த குழுவில் நீண்ட நாள் சிகரெட் தொடாமல் இருந்தவர்கள் குறைவு. அதுவரை எல்லாரும் சிகரெட் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் திரும்பப் புகைப்பார் என்று சொல்ல உதவியதோ சிகரெட்டோடு சம்பந்தமே இல்லாத படங்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சித்தப்பாவின் ஓய்வு நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. எதிலும் ஒட்டாமல், டிவியில் எது ஓடினாலும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். ஈஈஜி எடுக்காத ஒருவருக்கு நான் குழு ஒதுக்கக் கூடாது என்று தெரியும், இருந்தாலும் நினைவு வரத்தான் செய்தது.

இந்த யோசனை வெர்சாச்சே குழுவுக்கு எலிகளிடமிருந்து வந்தது. ஒரு கூண்டில் ஒரு லீவர் வெளியே வரும், சில விநாடிகளில் வேறொரு மூலையில் இருக்கும் கிண்ணத்தில் தீனி உருண்டை ஒன்று விழும். லீவரை அழுத்தத் தேவையே இல்லை, தீனி எப்படியும் வரும். சில எலிகள் லீவர் வந்த உடனே கிண்ணத்திடம் ஓடிக் காத்திருக்கும். சில எலிகள் லீவரிடமே போய் அதை நக்கும், கடிக்கும், விடவே விடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஷெல்லி ஃபிளேகல், டெரி ராபின்சன், ஹூடா அகில் முதலானவர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களோடு சேர்ந்து 2011-இல் நேச்சர் இதழில் காட்டியது இதுதான்: லீவரைப் பிடித்துக்கொள்ளும் எலிகளுக்கு, மூளையில் பரிசு உணர்வோடு தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள், தீனியிலிருந்து லீவருக்கு இடம் மாறுகிறது. கிண்ணத்துக்குப் போகும் எலிகளும் அதே அளவு கற்றுக்கொள்கின்றன, ஆனால் அவற்றில் இந்த இடமாற்றம் நடப்பதில்லை. லீவரைப் பிடித்துக்கொள்ளும் வகைக்கு, பரிசு வரப்போகிறது என்ற அறிகுறியே பரிசாகிவிடுகிறது. பெட்டிக்கடை வாசலைக் கடக்கும்போதே கை பையைத் தடவுகிறது என்று புகைப்பவர்கள் சொல்வார்களே, அதற்குக் கிட்டத்தில் வரும் ஓர் எலிக் கதை.

2014-இல் வெர்சாச்சே குழு 55 புகைப்பவர்களை, மூளையில் ரத்த ஓட்டம் மாறுவதைப் படம் பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் வைத்து, அதே படச் சோதனையைச் செய்தது. இன்பத்தைவிட சிகரெட்டுக்குக் கூடுதலாக மூளை பதில் தந்தவர்கள் ஆறு மாதம் கழித்து சிகரெட் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு குறைவு. 2019-இல் சிகரெட்டை விட்டு, சாப்பிடும் பழக்கத்தை ஆராய்ந்தார்கள், 49 பேரிடம். படங்களுக்கு நடுவில் ருசியான தின்பண்டம் கிடைக்கும், வேண்டுமானால் சாப்பிடலாம். பாலுணர்வுப் படங்களைவிட உணவுப் படங்களுக்கு அலை உயர்ந்தவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் சாப்பிட்டார்கள். வேறு கருவி, வேறு பழக்கம், ஆனால் வடிவம் ஒன்றேபோல் வருகிறது.

சரி, இப்போது புள்ளியியல்காரியின் கவலைக்கு வருகிறேன். கே-மீன்ஸிடம் இரண்டு குழு கொடு என்று கேட்டால் அது இல்லை என்று சொல்லவே சொல்லாது. பழக்கடையில் ஒருவரிடம் ஒரு வண்டி மாம்பழத்தைக் கொடுத்து இரண்டு கூடையாகப் பிரி என்றால் பிரித்துவிடுவார், எல்லாம் ஒரே மரத்துக் காயாக, சின்னதிலிருந்து பெரியதுவரை தொடர்ச்சியாக இருந்தாலும்கூட. கூடை இரண்டு இருப்பதால் மரமும் இரண்டு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

வகுப்பில் நான் இதைக் கண்ணால் பார்க்க வைப்பேன். ஒரே ஒரு மணிவடிவப் பரவலிலிருந்து கணினியில் எண்களை உருவாக்கச் சொல்வேன், அதில் குழு என்று ஒன்றும் கிடையாது, நாம்தான் உருவாக்கினோம், அதனால் நமக்கு உறுதியாகத் தெரியும். அதை கே-மீன்ஸுக்குக் கொடுத்தால் அழகாக இரண்டு நிறத்தில் இரண்டு கூட்டம் வரும். அப்புறம் அந்த இரண்டு கூட்டத்தின் சராசரிகளை ஒப்பிட்டால் பி-மதிப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மாணவர்கள் முகம் மாறும். அதே எண்ணை வைத்துப் பிரித்துவிட்டு அதே எண்ணில் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்காமல் எங்கே போகும்? பிரித்ததே அதற்காகத்தானே. அச்சான கட்டுரைகளிலும் இந்தத் தவறு வேறு வேறு உடையில் வந்துகொண்டே இருக்கிறது. “குழு ஒன்றின் மூளை எதிர்வினை குழு இரண்டைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகம்” என்று ஒரு வரி பார்த்தால், குழுவைப் பிரித்தது எதை வைத்து என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

ஹூஸ்டன் ஆய்வுகள் இந்தப் பொறியில் விழவில்லை என்பதால்தான் எனக்கு அவற்றின் மேல் மதிப்பு. குழு பிரித்தது ஈஈஜி எண்ணில். சோதித்தது மாதங்கள் கழித்து ஒருவர் சிகரெட் பிடிக்கிறாரா இல்லையா என்பதில். அந்தத் தகவலை அல்காரிதத்தின் கண்ணில் காட்டவே இல்லை. அர்த்தமில்லாத தற்செயல் ஏற்ற இறக்கத்தை இரண்டாகப் பிரித்திருந்தால் ஆறு மாதம் கழிந்த வாழ்க்கையோடு அது ஒத்துப்போக ஒரு காரணமும் இல்லை.

ஆனாலும் அது குழுக்கள் உண்மையில் இருக்கின்றன என்பதற்குச் சான்றாகிவிடாது. ஒரு தொடர்ச்சியான அளவை நடுவில் வெட்டினாலும் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் எதிர்காலம் வேறாகத்தான் இருக்கும். உயரமானவர், குள்ளமானவர் என்று வெட்டிவிட்டு எடையைப் பார்த்தால் வித்தியாசம் வருமே, அதற்காக மனித இனத்தில் இரண்டு ரகம் என்று யாரும் சொல்வதில்லை.

இதில் சூடு பட்ட துறை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. 2017-இல் நேச்சர் மெடிசின் இதழில், மனச்சோர்வு நோய்க்கு மூளை இணைப்புகளின் அடிப்படையில் நான்கு வகைகள் உண்டு என்று டிரைஸ்டேல், கானர் லிஸ்டன் முதலானோர் எழுதினார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்கள். பெரிய செய்தியானது. 2019-இல் நெதர்லாந்திலிருந்து டிங்காவும் அவர் குழுவும் 187 பேரிடம் அதே வழியைத் திரும்ப நடந்து பார்த்தார்கள். குழுக்களே இல்லாத ஒற்றைப் பரவலிலிருந்து வந்த தரவாக இருந்தால் இதே முறை என்ன தரும் என்று ஒப்பிட்டபோது, தங்கள் தரவில் தனித்தனிக் கொத்துகள் இருப்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். நான் வகுப்பில் செய்யச் சொல்லும் அதே சோதனைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

எலிகளும் இதே பாடத்தைச் சொல்லும், நாம் காது கொடுத்தால். அந்த ஆய்வகங்களிலேயே எல்லா எலியும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று நிற்பதில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யும் நடுத்தர எலிகள் எப்போதும் உண்டு, ஒரு மதிப்பெண் போட்டு எல்லைக்கோடு கிழித்துத்தான் வகை பிரிக்கிறார்கள். இன்னும் முக்கியமானது, ஒரே இனத்து எலிகளை வெவ்வேறு வளர்ப்பு நிறுவனங்களிலிருந்து வாங்கினால் வகைகளின் விகிதமே மாறுகிறது. எலிக்கே இப்படி என்றால் மனிதருக்கு?

இதோடு அளவீட்டின் நம்பகத்தன்மை வேறு இருக்கிறது. 2020-இல் எலியட் முதலானோர் 90 சோதனைகளைத் தொகுத்து, ஒரே ஆளை எஃப்எம்ஆர்ஐ-யில் இரண்டு முறை வைத்தால் பணி சார்ந்த எதிர்வினை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்ததில் 0.397 என்ற எண் வந்தது. ஒன்றுக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது, 0.4-க்குக் கீழே என்றால் மோசம் என்பது வழக்கமான அளவுகோல். இன்றைக்கு ஒருவரை “சிகரெட் பக்கம்” என்று குழுவில் போட்டால், அடுத்த மாதம் அவர் அதே குழுவில்தான் விழுவாரா என்ற கேள்வி இங்கிருந்து வருகிறது. நிறைய ஆட்களின் சராசரியில் அழகாக வேலை செய்கிற அளவீடு, தனி ஆளைப் பற்றிச் சொல்ல வரும்போது திணறும். தனி ஆளைப் பிரிப்பதுதானே நம் வேலை. இந்த விஷயத்தில் எனக்கு ஈஈஜி மேல் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை உண்டு, செலவும் குறைவு, பத்து ஸ்கேன் செய்யும் காசில் நூறு பேரைப் பார்க்கலாம் என்பதே பெரிய விஷயம்.

சமீபத்தில் படித்ததில் எனக்குப் பிடித்தது 2023-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து டிராசல், ஸில்வர்ஸ்டாண்ட் முதலானோர் எழுதியது. நியூயார்க் மாநிலத்து ராக்லேண்ட் பகுதி மக்களிடம் திரட்டிய தரவிலிருந்து 593 பேர், அவர்களில் 173 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் போதைப் பழக்கக் கோளாறு இருந்திருக்கிறது. நடத்தை அளவுகளை வைத்துப் பிரித்ததில் மூன்று வகை: பரிசை நோக்கிப் பாய்கிறவர்கள் 69, தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் குறைந்தவர்கள் 70, வேதனையிலிருந்து தப்பிக்கப் பயன்படுத்துகிறவர்கள் 34. பிறகு மூளை இணைப்புகளைப் பார்த்தால் வகைக்கு ஒரு மாதிரி வேறுபடுகிறது. குடி, கஞ்சா என்று எந்தப் பொருள் என்பதோடு இந்த வகைகள் ஒட்டிக்கொள்ளவில்லை, எல்லாப் பொருளிலும் மூன்று வகையினரும் கலந்திருந்தார்கள். இங்கே நடத்தையில் பிரித்து மூளையில் சோதித்தார்கள். ஹூஸ்டனில் மூளையில் பிரித்து நடத்தையில் சோதித்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தாலும் ஒரு பக்கத்தை மூடி வைத்திருப்பது அவசியம்.

இந்த எண்களை அப்படியே எடுத்து நம் ஊரில் பொருத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள், தமிழ்நாட்டில் 20 சதவீதம். நாடு முழுவதும் புகைப்பவர்கள் 10.7 சதவீதம்தான், மெல்லுகிறவர்களும் வாயில் அடக்குகிறவர்களும் 21.4. ஹூஸ்டனில் காட்டிய சிகரெட் படத்தை வாயில் புகையிலை அடக்கிக்கொண்டு களையெடுக்கும் ஒரு பெண்ணுக்குக் காட்டினால் என்ன அலை எழும்? அவருக்கு அறிகுறி என்பது படமே அல்லாமல் சுண்ணாம்பின் வாசனையாக இருக்கலாம். இன்பமான படம் என்று எதைக் காட்டுவது என்பதையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும்.

இந்தியாவிலும் பெரிய வேலை ஒன்று நடந்திருக்கிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் விவேக் பெனகல் தலைமையில், போதைப் பழக்கமும் நடத்தைக் கோளாறுகளும் யாருக்கு, எதனால் வருகின்றன என்று பார்க்கும் சிவேடா என்ற ஆய்வுக்காக, பெங்களூரு, மைசூரு, ரிஷி வேலி, சண்டிகர், கொல்கத்தா, இம்பால் என்று பல இடங்களில் 6 முதல் 23 வயதுவரை ஒன்பதாயிரம் பேர் அளவில் சேர்த்திருக்கிறார்கள், ஒரு பகுதியினருக்கு மூளை ஸ்கேனும் உண்டு. பழக்கம் வருவதற்கு முன்பே அளந்து வைத்திருப்பது இதன் பெரிய பலம். ஹூஸ்டன் ஆய்வால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி இருக்கிறது: இன்பத்துக்கு மங்கிய அந்த மூளை பிறவியிலேயே அப்படியா, இல்லை வருடக்கணக்கில் ஏறிய நிகோட்டினால் அப்படி ஆனதா? ஏற்கெனவே புகைப்பவர்களை ஒரே ஒரு முறை அளந்தால் இது தெரியவே தெரியாது. சிறுவயதிலிருந்து பின்தொடரும் தரவில்தான் தெரியும்.

எனக்கு அடுத்து வேண்டியது ஒரு சோதனை. நிறுத்த வருகிறவர்களை முதலில் ஈஈஜி-யில் அளக்க வேண்டும். குழு எல்லையை முந்தைய தரவில் கிழித்து, புதியவர்கள் வருவதற்கு முன்பே பொதுவில் பதிந்துவிட வேண்டும், பிறகு நகர்த்தக் கூடாது. ஒவ்வொரு குழுவையும் குலுக்கிப் பாதியாக்கி, ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையும், இன்னொரு பாதிக்கு அதோடு வாழ்க்கையில் மற்ற சந்தோஷங்களைத் திரும்பக் கட்டித்தரும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சி மங்கிய குழுவுக்கு மட்டும் கூடுதலாக உதவினால் பிரித்ததற்கு அர்த்தம் உண்டு. இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு உதவினால் பிரிக்காமலேயே எல்லாருக்கும் கொடுத்துவிடலாம், அதிலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.